நின்றுபோன அம்பாசடரைப் பாம்பனுக்கு ஓட்டி வருவதற்கு முன்

பரமக்குடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பாம்பனில் வீடு கட்டி, பக்கத்திலேயே கார் ஷெட்டும் போட்டுவிட்டார். அப்பாவின் அம்பாசடர் மூன்று வருடமாகப் பழைய வீட்டு வாசலில் நிற்கிறது. "புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆயிருச்சுண்ணே. நாளைக்கே ஓட்டிட்டு வந்துரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இன்ஜின் கிளம்பினால் வண்டி தயார் என்று பலரும் நம்புகிறார்கள். நான் முதலில் பார்ப்பது பிரேக்கைத்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களையும் அந்த ஈரம் உள்ளிருந்தே அரிக்கும். அவற்றுக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்புகளும் வயதாகி இறுகிவிடும். வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது பெடல் நன்றாகவே பிடிக்கும். நெடுஞ்சாலையில் திரும்பத் திரும்ப அழுத்திச் சூடேறினால், ஆயிலில் கலந்த தண்ணீர் கொதித்து ஆவியாகி, பெடல் அப்படியே உள்ளே போய்விடும். பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன்; ஓரிடத்தில் கசிந்தாலும் மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

அவர் வண்டியின் சக்கரங்களில் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றினோம். பின்சக்கரம் ஒன்றில் சிலிண்டர் கசிந்து, டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது. அதே வண்டியில் மனைவி, பிள்ளைகளோடு புறப்பட இருந்தார்.

டயரில் பட்டன், அதாவது சாலையில் படும் மேடு பள்ளம், தேயாமல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் 1513; அதாவது 2013ஆம் வருடத்தின் 15ஆவது வாரத்தில் செய்தது. விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது. ஐந்தையும் மாற்றச் சொன்னேன், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான்.

சரி, எல்லாம் முடிந்தது. அப்போதும் நேராகப் பாம்பனுக்கு விடவில்லை. ஊருக்குள்ளேயே பத்து கிலோமீட்டர் ஓட்டி வரச் சொல்லி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, ராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் நிறுத்தி இதையே பார்த்தார். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கக் காற்று அடிக்கும், வேடிக்கை பார்க்கிறவர்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். அங்கே வண்டி நின்றால் தள்ளி ஒதுக்கக்கூட இடம் கிடைக்காது.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் பாருங்கள். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் ஷெட். வாசல் கடலைப் பார்த்தபடி இருந்தது. வண்டியை மூட தார்ப்பாய் வாங்கி வைத்திருந்தார். தார்ப்பாய்க்குள் உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும், தரைத் தகடும் கதவின் அடிப்பக்கமும் முதலில் துருப்பிடிக்கும். துணி உறை வாங்கச் சொன்னேன். கடல் பக்கத்தை அடைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் காற்று போக வழி விட்டார். போர் தண்ணீர் உப்பு என்பதால், வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவ மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைக்கிறார். ஞாயிறு காலைகளில் அம்பாசடர் தங்கச்சிமடம் வரை போய்த் திரும்புகிறது.