மன்னர் கண்ணில் பட வேண்டும்: அரச பவனியின் இயக்கவியல்

1911 டிசம்பர் 7 அன்று, முடிசூட்டு தர்பாருக்காக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டெல்லி நகருக்குள் நுழைந்தார். சாலையின் இருமருங்கிலும் பெருங்கூட்டம் அவரைக் காணக் காத்திருந்தது. அவரோ யானை மீது வரவில்லை. ஃபீல்டு மார்ஷல் சீருடை அணிந்து, ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருந்த அதிகாரிகள் சூழ, குதிரை மீது வந்தார். கூட்டத்தில் பலர் யானையையும் அம்பாரியையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, மன்னர் அவர்களைக் கடந்து சென்றுவிட்டார்; பின்னால் சாரட்டில் வந்த அரசியைக் கண்டவர்கள், மன்னர் எங்கே என்று தேடினார்கள். பணமும் படையும் குறைவின்றிச் செலவிடப்பட்ட அந்தப் பவனி, தன் முதல் வேலையிலேயே தவறியது.

பவனி என்றதும் நாம் ஆடம்பரத்தைத்தான் நினைக்கிறோம். பொன்னும் பட்டும் இசையும் அதில் உண்மையிலேயே இருக்கின்றன. ஆயினும் அதன் அடிப்படை வேலை மிக எளியது: ஒரே ஒரு மனித உடலை, லட்சக்கணக்கான கண்கள் தெளிவாகக் காணும்படி ஒரு நகரத்தின் ஊடாகக் கொண்டுசெல்ல வேண்டும். தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் இந்த வேலைக்கு வடிவியலும் ஒலியியலும் இயந்திரவியலும் தேவைப்பட்டன. அவற்றைப் பெயர் சொல்லிக் கற்காதவர்களும் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

முதலில் உயரத்தைக் கவனிப்போம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவர் கூட்டத்தின் நடுவே நிற்கிறார் என்று கொள்வோம். அவருக்கு அரை மீட்டர் முன்னால் நிற்பவரின் உச்சந்தலை, இவருடைய கண்ணைவிட 12 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கண்ணிலிருந்து அந்தத் தலையைத் தொட்டுக்கொண்டு செல்லும் நேர்கோடு, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் 12 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்துகொண்டே போகும். பவனி செல்லும் பாதை எட்டு மீட்டர் தொலைவில் இருந்தால், அங்கே அந்தக் கோடு ஏறத்தாழ 3.4 மீட்டர் உயரத்தை எட்டியிருக்கும். அதற்குக் கீழே உள்ளது எதுவானாலும், தலைகளுக்கு இடையே எட்டிப் பார்க்கும் ஓரிரு கணங்கள் தவிர, அவருக்குத் தெரியாது. குதிரை மீது அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். யானை மீதுள்ள அம்பாரியில் அமர்ந்தவரின் தலையோ நான்கு மீட்டரையும் தொட்டுவிடும். டெல்லியில் மன்னரை மறைத்தது இந்த ஒன்றரை மீட்டர் வேறுபாடு. ஒரே மாதிரியான சீருடைகள் அதைப் பெரிதாக்கின.

இதே கணக்கு வத்திக்கானிலும் செல்லுபடியானது. திருத்தந்தையரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து செல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1978-இல் 33 நாள்களே பதவியிலிருந்த முதலாம் ஜான் பால் அதை ஆடம்பரம் எனக் கருதி முதலில் தவிர்த்தார். அவர் நடந்து சென்றபோது பின்னால் நின்றவர்களுக்கு அவர் தெரியவில்லை. எனவே நாற்காலியை மீண்டும் ஏற்றுக்கொண்டார். அதைப் பயன்படுத்திய கடைசித் திருத்தந்தை அவரே. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு, நின்றபடியோ உயர்ந்த இருக்கையில் அமர்ந்தபடியோ செல்ல உதவும் திறந்த ஊர்தி அதே வேலையைச் செய்கிறது.

குடையின் பயனும் இந்த வடிவியலுக்குள் அடங்குகிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அசிரிய மன்னன் அஷுர்பனிபாலின் காலத்தில் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பங்களில், தேரில் நிற்கும் அரசனின் தலைக்கு மேல் குடை இருக்கிறது. கெய்ரோவின் ஃபாத்திமிய கலீபாக்களின் பவனியிலும், மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே மன்னர்களின் பவனியிலும், இந்திய அரசர்களின் கொற்றக்குடையிலும் அதே பொருள் மீண்டும் மீண்டும் வருகிறது. வெயிலைத் தடுப்பது மட்டுமே அதன் பயனாக இருந்திருந்தால் இவ்வளவு உயரமும் அகலமும் தேவைப்பட்டிருக்காது. வட்டக் குடை எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே வடிவில் தெரியும்; ஆகவே முகத்தைக் காண முடியாதவருக்கும் அரசர் இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும். அசாந்தே பவனியில் குடை பிடிப்போர் அதைச் சுழற்றியும் ஏற்றி இறக்கியும் ஆட்டிக்கொண்டே வருவார்கள். மனிதக் கண்ணின் ஓரப்பகுதி நுண்விவரங்களைக் காண்பதில் மந்தமானது. அசைவைப் பிடிப்பதிலோ கூர்மையானது. கூட்டத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரின் பார்வையையும் ஆடும் குடை தன் பக்கம் திருப்பிவிடுகிறது.

காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1912 டிசம்பர் 23 அன்று டெல்லி சாந்தினி சௌக்கில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானை மீது வந்தபோது, அம்பாரியை நோக்கிக் குண்டு வீசப்பட்டது. அவர் காயங்களுடன் உயிர் தப்பினார்; பின்னால் குடை பிடித்திருந்த பணியாளர் இறந்துபோனார். பவனியின் வரலாற்றை எழுதும்போது அந்தப் பணியாளரை நினைவுகூராமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

உயரத்துக்கு இயந்திரவியலும் விலை கேட்கிறது. மைசூரு தசராவில் யானை சுமக்கும் பொன் அம்பாரியின் எடை சுமார் 750 கிலோகிராம். முன்பு மன்னர் அமர்ந்த அந்த அம்பாரியில் இப்போது சாமுண்டீசுவரி தேவியின் திருவுருவம் செல்கிறது. ஆசிய யானையின் முதுகெலும்பு மேல்நோக்கி வளைந்தது. அதன் முள்ளெலும்புகளின் நீட்சிகள் தோலுக்கு அருகே வந்துவிடுகின்றன. சுமை நேரடியாக முதுகெலும்பின் மீது அழுந்தினால் புண்ணாகும். அதனால் தடித்த மெத்தைகளைப் பரப்பி, எடை இருபக்க விலா எலும்புகளின் மீது பிரிந்து இறங்கும்படி கட்டுகிறார்கள். விழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே மணல் மூட்டைகளை ஏற்றி, எடையைப் படிப்படியாகக் கூட்டி யானையைப் பழக்குவதும், பீரங்கி முழக்கத்துக்கு அஞ்சாதிருக்கப் பயிற்றுவதும் வழக்கம். ரோமில் பாம்பே என்ற தளபதி இன்னும் எளிய ஒரு தடையில் சிக்கினார்: வெற்றி உலாவில் நான்கு யானைகள் பூட்டிய தேரில் நகருக்குள் நுழைய விரும்பினார், நகர வாயில் அதற்கு இடம் தரவில்லை, குதிரைகளுக்கு மாற வேண்டியதாயிற்று என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

அடுத்தது வேகம். ஒரு பார்வையாளருக்குச் சாலையில் நாற்பது மீட்டர் நீளம் தெரிகிறது என்றால், நடை வேகத்தில் செல்லும் அரசரை அவர் அரை நிமிடம் காண்கிறார். வினாடிக்குப் பத்து மீட்டர் செல்லும் காரில் என்றால் நான்கு வினாடிகள் மட்டுமே. ஆகவே பவனி மெதுவாகச் செல்ல வேண்டும். மெதுவாகச் சென்றால் நேரம் நீளும். 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடித் திரும்பிய பாதையின் நீளம் 7.2 கிலோமீட்டர். இயன்றவரை அதிகமான மக்கள் காணும்படி அது வேண்டுமென்றே சுற்றி வகுக்கப்பட்டது. பங்கேற்ற 16,000 பேர், காலாட்கள் பத்துப் பத்தாகவும் குதிரை வீரர்கள் ஆறு ஆறாகவும் அணிவகுத்தபோது, ஊர்வலம் மூன்று கிலோமீட்டர் நீண்டது. முன்னணி 7.2 கிலோமீட்டரைக் கடந்த பிறகும், வால் வந்து சேர இன்னும் மூன்று கிலோமீட்டர் மீதமிருக்கும். மொத்தம் 10.2 கிலோமீட்டர், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடையில் இரண்டு மணி நேரம். பவனிக்கு உண்மையில் ஆன நேரமும் அதுதான்.

இத்தனை பேரையும் ஒரே அடியில் நடக்கவைப்பது முரசு. இங்கே ஒலியின் வேகம் குறுக்கிடுகிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் விரைவு நடையில் ஓர் அடிக்கு அரை வினாடி. முரசுக்கு 170 மீட்டர் பின்னால் வருபவருக்கு அடியோசை அரை வினாடி தாமதமாகக் கேட்கும். முன்னால் உள்ளவர் வலது காலை ஊன்றும்போது இவர் இடது காலை ஊன்றுவார். காதை நம்பி நடக்கும் நீண்ட அணியை மேலிருந்து பார்த்தால், கால்களின் ஊடே ஓர் அலை பின்னோக்கி ஓடுவது தெரியும். மூன்று கிலோமீட்டர் ஊர்வலத்தின் வாலுக்கு முன்னணியின் முரசொலி ஒன்பது வினாடிகள் கழித்து வரும், அதுவும் கேட்குமளவு மிஞ்சியிருந்தால். அதனால்தான் பல இசைக்குழுக்களை இடைவெளி விட்டுப் பிரித்து நிறுத்துகிறார்கள். நடை மெதுவாக ஆக ஆக இந்தச் சிக்கலும் தளர்கிறது: நிமிடத்துக்கு 75 அடி எனில், ஓர் அடி பிசக 270 மீட்டர் வேண்டும்.

இனி ஊர்திகள். இதில்தான் ஆடம்பரமும் இயற்பியலும் நேருக்கு நேர் மோதுகின்றன. மூன்றாம் ஜார்ஜுக்காக 1762-இல் செய்து முடிக்கப்பட்ட பிரிட்டனின் பொன் அரச சாரட்டு நான்கு டன் எடையும், ஏழு மீட்டருக்கு மேல் நீளமும், 3.6 மீட்டர் உயரமும் கொண்டது. எட்டுக் குதிரைகள் அதை நடை வேகத்தில் மட்டுமே இழுக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மிதந்து வருவது போல இருக்கும். உள்ளே அமர்ந்தவர்களோ அதை வெறுத்தார்கள். கடற்படையில் பணியாற்றிய நான்காம் வில்லியம், கொந்தளிக்கும் கடலில் கப்பலில் இருப்பதற்கு அதை ஒப்பிட்டார். விக்டோரியா அதன் ஆட்டத்தைத் தாங்க முடியாமல் அதைத் தவிர்த்தார். எலிசபெத்தும் அந்தப் பயணம் கொடுமையானது என்று பின்னாளில் கூறினார்.

காரணம், சாரட்டின் உடல் சட்டத்தின் மீது ஊன்றப்படவில்லை. தோல் வார்களில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. தொங்கும் எந்தப் பொருளும் ஊசல்தான். ஒரு மீட்டர் நீள ஊசல், ஒருமுறை போய்த் திரும்ப இரண்டு வினாடி எடுக்கும். அதில் தொங்குவது கல்லானாலும் பொன்னானாலும் இந்தக் காலம் மாறாது. ஆகவே எடையைக் கூட்டுவதால் ஆட்டம் அடங்காது. வார்கள் சாலையின் கூரிய அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, அதை மெதுவான நீண்ட ஊசலாட்டமாக மாற்றித் தருகின்றன. இன்றைய வண்டிகளில் உள்ள ஷாக் அப்சார்பர் அந்த ஆற்றலை வெப்பமாக்கி அழித்துவிடும். தோல் வாரில் அப்படி விழுங்கப்படுவது சொற்பம். ஓர் ஆட்டம் ஓய்வதற்குள் அடுத்த கல் இன்னோர் உந்தலைத் தருகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு இந்த ஆட்டத்தை உணர்கிறது. கண்ணோ, கூடவே ஆடும் சாரட்டின் உட்சுவர்களைப் பார்த்து அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடு குமட்டலாக வெளிப்படுகிறது. 2014-இல் பயன்பாட்டுக்கு வந்த வைரவிழா அரச சாரட்டில், அலுமினிய உடலுடன் ஹைட்ராலிக் நிலைப்படுத்திகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 2023 மே 6 அன்று சார்லஸ் மன்னர் முடிசூடச் சென்றது இதில். முடிசூடித் திரும்பியது பழைய பொன் சாரட்டில்.

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். கயிறும் வாரும் இழுக்கும், தள்ளாது. எட்டுக் குதிரைகளில் முன்னே செல்லும் மூன்று இணைகள் நின்றுவிட்டாலும் சாரட்டு நிற்காது. ஏர்க்காலோடு பிணைந்த கடைசி இணையால் மட்டுமே பின்னோக்கி அழுத்தம் தர இயலும். நான்கு டன்னுக்கு அது போதாது. அதனால் சாரட்டின் பின்னால் ஒருவர் பிரேக்கை இயக்கியபடி நடந்து வருகிறார். அப்படியும் அது முழுதாக நிற்கச் சுமார் 27 மீட்டர் ஆகிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி அலெக்சாந்திரியாவில் நடத்திய பெரும் பவனியில், வண்டிகளை மனிதர்களே இழுத்தார்கள். நைசா என்ற தேவதையின் எட்டு முழ உயரச் சிலை ஒருவரும் தொடாமல் எழுந்து நின்று, பொற்கிண்ணத்திலிருந்து பாலை ஊற்றி, மீண்டும் அமர்ந்தது. அதன் வண்டியை 60 பேர் இழுத்தனர். திராட்சை பிழியும் தொட்டி வைத்த வண்டிக்கு 300 பேர் தேவைப்பட்டனர். மனித இழுவை ஒரே சீராக இருக்கும். குதிரை மிரளும், குளிரில் பொறுமையிழக்கும். 1901 பிப்ரவரி 2 அன்று விண்ட்சரில் விக்டோரியாவின் உடலைத் தாங்கிய பீரங்கி வண்டியை இழுக்கக் குதிரைகள் புறப்பட்டபோது இழுவைப் பூட்டு உடைந்தது. அருகில் நின்ற கடற்படையினர், கிடைத்த கயிற்றைக் கட்டித் தாங்களே இழுத்தார்கள். அன்றைய அவசர ஏற்பாடு மரபாகிவிட்டது. 2022 செப்டம்பரில் எலிசபெத்தின் இறுதி ஊர்வலத்தில், சுமார் இரண்டரை டன் எடையுள்ள அதே வண்டியை 142 கடற்படையினர் நிமிடத்துக்கு 75 அடி நடையில் கொண்டுசென்றனர். அவர்களில் 98 பேர் முன்னால் இழுத்தார்கள். 40 பேர் பின்னால் கயிற்றைப் பிடித்து, வண்டி முந்தி ஓடாமல் தடுத்துக்கொண்டே நடந்தார்கள்.