"ஆனா ஊர்ல யாரு போடுவாங்க?"

போன வாரமும் ஒரு பிறந்தநாள் விருந்தில் அதே கேள்வி. பிரியாணித் தட்டோடு வந்து பக்கத்தில் நின்ற நண்பர் கேட்டார்: "நீங்கதான் சர்வே ஆளாச்சே, 2028 அதிபர் தேர்தல்ல ஜெயிக்கிற குதிரை எதுன்னு சொல்லுங்க. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரியில அதுக்கே போட்டுடறேன்." உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். ஒரு பெண்மணியின் பெயரைச் சொன்னார். "ஆனா ஊர்ல அவங்களுக்கு யாரு போடுவாங்க?" என்று அவரே அந்தப் பேச்சை முடித்தும் வைத்தார்.

அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்புதான் எனக்குப் பல வருடங்களாகச் சோறு போடுகிறது. இந்த "ஆனா ஊர்ல" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நண்பர் கைப்பேசியில் ஒரு படம் வைத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரரோடு நேருக்கு நேர் மோதினால் ஒருவருக்கு 5 புள்ளி முன்னிலை, நண்பருக்குப் பிடித்தவருக்கு 2. "பாருங்க, 3 புள்ளி கூட!" எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இந்த இடத்தில்தான்.

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒருவர் வாங்கும் சதவீதமே 3 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். முன்னிலை என்பது அப்படிப்பட்ட இரண்டு எண்களைக் கழித்து வருவது. அதன் பிழை ஏறக்குறைய இரட்டிப்பு. (இரண்டு கேள்வியும் ஒரே ஆட்களிடம்தானே கேட்டது, வித்தியாசத்தில் பிழை கொஞ்சம் குறையுமே என்று சக ஊழியர்கள் சண்டைக்கு வருவார்கள். சரி, குறையட்டும்.) பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த 5 எதைச் சொல்கிறது? அந்த ஆளை எதிராளிகள் இன்னும் தாக்கிப் பேசத் தொடங்கவில்லை என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

1988 ஜூலையில், கட்சி மாநாடு முடிந்த கையோடு, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் கணிப்பில் 17 புள்ளி முன்னால் இருந்தார். நவம்பரில் 40 மாநிலங்களில் தோற்றார். 1992 ஜூனில் பில் கிளிண்டன் அப்போதைய அதிபர் புஷ்ஷுக்கும் சுயேச்சை வேட்பாளர் பெரோவுக்கும் பின்னால் மூன்றாவது இடம். அப்புறம் 370 தேர்வாளர் வாக்குகளோடு (மாநிலவாரியாகக் கிடைக்கும் இந்த வாக்குகள்தான் அதிபரை முடிவு செய்கின்றன) ஜெயித்தார். 2016 வசந்தத்தில் கணிப்புகளில் ஹிலரியை எதிர்த்து நன்றாக நின்றவர் குடியரசுக் கட்சியின் கேசிக். அவரைத் தாக்க யாரும் மெனக்கெடவில்லை. பிரைமரியில் அவர் கட்சிக்காரர்கள் அவருக்குக் கொடுத்தது சொந்த மாநிலமான ஒஹையோ ஒன்றுதான். ஜெயிக்கவே மாட்டார் என்று எல்லாரும் சொன்ன டிரம்ப் 304 தேர்வாளர் வாக்குகளோடு வெள்ளை மாளிகைக்குப் போனார்.

அதற்காக யாரை நிறுத்தினாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. 1964ல் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் 6 மாநிலம்தான் ஜெயித்தார். 1972ல் ஜனநாயகக் கட்சியின் மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும்தான். வேட்பாளர் முக்கியம். ஆனால் யார் ஜெயிப்பார் என்பதைப் பிரைமரி நேரத்தில் கண்டுபிடிக்கும் திறமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. 2020ல் பைடன் ஜெயித்தாரே என்பீர்கள். மூன்று மாநிலங்களில் சேர்த்து 44 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகள் மாறியிருந்தால் கதை வேறு. வேறொருவர் நின்றிருந்தால் இன்னும் பெரிதாக ஜெயித்திருப்பாரா, தோற்றிருப்பாரா? மற்ற குதிரைகளை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லையே.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் கமலா ஹாரிஸ் உட்பட 6 பெண்கள் இருந்தார்கள். அப்போது, வாக்காளர்களைக் கூட்டிவைத்துப் பேசவிட்டு நாங்கள் கவனிக்கும் ஒரு குழு உரையாடலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை, மத்தவங்கதான் பெண்ணுக்குப் போட மாட்டாங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அறையில் 'மத்தவங்க' யாரும் வரவே இல்லை.

2007ல் கறுப்பின வாக்காளர்களில் பலர் ஹிலரி பக்கம் இருந்தார்கள். வெள்ளையர்கள் ஒபாமாவுக்குப் போடுவார்களா என்ற சந்தேகம் அதற்கு ஒரு காரணம். 2008 ஜனவரி 3 அன்று, பெரும்பாலும் வெள்ளையர்களே வாழும் அயோவாவில் நடந்த கட்சித் தேர்வில் ஒபாமா ஜெயித்தார். அதே மாதம் 26ஆம் தேதி, கட்சியில் கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த தெற்கு கரோலினா அவருக்கு 55 சதவீதம் கொடுத்தது. ஊரைப் பற்றிய ஊகம் மூன்றே வாரத்தில் ஆவியாகிவிட்டது. அந்த நவம்பரில், 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்குக் கிடைக்காத இந்தியானாகூட அவருக்குக் கிடைத்தது.

எனவே, தயவுசெய்து, பிரைமரிக்கு முன்னால் வரும் நேருக்கு நேர் கணிப்பைப் பகிராதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால் தேசிய எண்ணை விடுங்கள், இழுபறி மாநிலங்களைப் பாருங்கள். 'தெரியாது' என்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அந்த வேட்பாளர் இதற்கு முன் கடினமான தொகுதியில் நின்றிருக்கிறாரா, தன் கட்சிக்கு வழக்கமாக விழும் வாக்கைவிடக் கூட வாங்கினாரா என்று தேடுங்கள். அது நடந்து முடிந்த தேர்தல், ஊகம் இல்லை. தொலைக்காட்சியில் 'இவர்தான் ஜெயிப்பார்' என்பவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாதி நேரம், ஏற்கெனவே முன்னால் இருப்பதால் ஜெயிப்பார், ஜெயிப்பார் என்பதால் முன்னால் இருக்கிறார் என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. எங்கள் ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டால், உங்களுக்குப் பிடித்தவர் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் எங்களிடம் இருக்கலாம். அவரிடம் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.