"எல்லாம் ஆண்ட்ராய்டுதானே" என்று வாங்கிக் கொடுத்த போனில் அலாரம் அடிக்கவில்லை

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருபது வருஷமாக போன் சர்வீஸ் செய்கிறேன், உடைந்த டிஸ்ப்ளே, தண்ணீரில் விழுந்த போர்டு என்று எது வந்தாலும் பதற்றம் வராது. இவர் கொண்டுவந்தது மூன்று மாதம்கூட ஆகாத புதுப் போன், ஒரு கீறல் இல்லை. "இதுல அலாரம் அடிக்கல தம்பி" என்றார். என்ன அலாரம் என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் வைத்திருக்கிறார். அது ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அளவை அனுப்பும், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் ஆப் கத்தி எழுப்பிவிடும். பழைய போனில் எட்டு மாதம் ஒழுங்காக எழுப்பியது. புதுப் போனில் அன்றைக்கு எழுப்பவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு பாத்ரூம் போக இவர் எழுந்தபோது, பக்கத்தில் படுத்திருந்தவரின் பனியன் வேர்வையில் நனைந்து கிடக்க, கூப்பிட்டால் பேச்சு குழறியிருக்கிறது. நல்லவேளை, விழுங்கும் நிலையில் இருந்தார், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்.

மகள் வாங்கிக் கொடுத்த போன் அது. வாங்கும்போதே "இந்த சென்சார் ஆப் இதுல வேலை செய்யுமா" என்று கடையில் கேட்டிருக்கிறார். "எல்லாம் ஆண்ட்ராய்டுதானே மேடம்" என்று பதில் வந்திருக்கிறது.

இந்த ஒரே பதிலை நம்பி வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்களில் இந்த மாதம் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) கூகுள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்கிறது. சாம்சங்கில் ஒன் யூஐ, ஷாவ்மியில் முன்பு எம்ஐயூஐ, இப்போது ஹைப்பர் ஓஎஸ், ஓப்போவில் கலர் ஓஎஸ். கூகுளின் பிக்சல் போன்ற போன்களில் இருப்பது கூகுளே வடிவமைத்துத் தருவது, மோட்டோரோலாவில் அதற்குப் பக்கத்தில் இருக்கும். இந்த மாற்றங்களுக்கு 'ஸ்கின்' என்று பெயர் வைத்தார்களே, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஐகான் வேறு, கலர் வேறு, செட்டிங்ஸ் பக்கம் வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோலோடு நிற்பதில்லை அய்யா, குடல் வரைக்கும் மாறுகிறது. ஸ்கிரீன் அணைந்த பிறகு எந்த ஆப் உயிரோடு இருக்கலாம், எதைக் கொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பதே இந்த மேல்பூச்சுதான்.

கூகுளின் ஆண்ட்ராய்டிலும் கட்டுப்பாடு இருக்கிறது. 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6லிருந்து 'டோஸ்' என்று ஒன்று, போனை அசையாமல் வைத்திருந்தால் ஆப்களைத் தூங்க வைக்கும். ஆனால் அதன் விதிகள் எழுத்தில் இருக்கின்றன, ஆப் எழுதுபவர்கள் அதைப் படித்துத்தான் எழுதுகிறார்கள். கம்பெனிகள் அதற்கு மேல் தாங்களாகப் போடும் விதிகள் ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு மாதிரி. சீனாவில் கூகுள் சேவைகள் கிடையாது, ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷனுக்காகத் தானே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதை அடக்க அங்கே கெடுபிடி தேவைப்பட்டது. அதே கெடுபிடி நம்மூருக்கும் வந்துவிட்டது. பெரிய பேட்டரி, இரண்டு நாள் சார்ஜ் என்று விளம்பரம் செய்யவும் அது வசதி. எந்தக் கம்பெனி போன் ஆப்களை எப்படிக் கொல்கிறது என்று பட்டியல் போட 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு இணையதளமே நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கின் என்றாலே குப்பை என்று பேசுபவன் நான் இல்லை. ஸ்கிரீனை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆப் பார்ப்பது சாம்சங்கின் நோட் 2ல் 2012லேயே வந்துவிட்டது, கூகுள் அதை ஆண்ட்ராய்டு 7ல், 2016ல்தான் கொடுத்தது. நீளமான பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஒரே கையால் இயக்கும் வசதி எல்லாமே முதலில் ஸ்கின்களில் வந்தவை. 2023ல் வாட்ஸ்அப்பே இரண்டு கணக்கு வசதி கொடுக்கும் வரை, இரண்டு வாட்ஸ்அப் வேண்டும் என்று கேட்ட வியாபாரிக்கு நானே ஸ்கின் போன்தான் சொன்னேன். வயதானவர்களுக்குப் பெரிய எழுத்து, பெரிய ஐகானோடு வரும் ஈஸி மோடு அருமையான விஷயம். தேவையைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

சரி, அந்த அம்மாவின் போனுக்கு வருகிறேன். உள்ளே பார்த்தால் சென்சார் ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட், அதாவது ஆப் தானாகவே தொடங்கிக்கொள்ளும் அனுமதி, அணைந்திருந்தது, பேட்டரி கட்டுப்பாடு போட்டிருந்தது. அது கம்பெனி வைத்து அனுப்பியபடியே இருந்தது. அதைவிட எனக்கு வேதனையாக இருந்தது வேறு. "ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டுத்தான் தம்பி படுப்பேன், போன் சூடாகக் கூடாதுல்ல" என்றார். தினமும் தவறாமல், சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசென்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடும் அந்தப் பெருக்கல் குறியையும் அழுத்திவிட்டுப் படுத்திருக்கிறார். கணவரைக் காவல் காக்கும் ஆப்பும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டது.

இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். ரீசென்ட்ஸில் இருக்கும் ஆப்களைத் தள்ளிவிட்டால் பேட்டரி மிச்சமாகாது. ராம், அதாவது போனின் தற்காலிக நினைவகம், காலியாக இருந்தால் போன் வேகமாக இருக்கும் என்பதும் தவறு. காலி ராமினால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, ஆப்களை அதில் தயாராக வைத்திருக்கத்தான் அதைக் காசு கொடுத்து வாங்கினீர்கள். தள்ளிவிட்ட ஆப்பை ஐந்து நிமிஷம் கழித்துத் திறக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் அதிக சார்ஜ் செலவாகும். இடம் தேவைப்பட்டால் பழையதை ஆண்ட்ராய்டே வெளியேற்றிக்கொள்ளும், உங்கள் கட்டைவிரலின் உதவி அதற்கு வேண்டாம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பிக்சல் மாதிரி போனில் ஆப்பைத் தள்ளிவிட்டாலும் அதன் நோட்டிஃபிகேஷன் வரும். சில ஸ்கின்களில் தள்ளிவிடுவது, செட்டிங்ஸில் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுப்பதற்குச் சமம். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப் வைத்த அலாரம் ரத்தாகிவிடும், நீங்களே மறுபடி திறக்கும் வரை அதற்கு எந்தச் செய்தியும் வராது. விரல் செய்வது ஒரே வேலை, விளைவு போனுக்குப் போன் வேறு. க்ளீனர், பூஸ்டர் என்று வரும் ஆப்கள் எல்லாம் இதே கொலையை அனிமேஷன் போட்டுச் செய்பவைதான், தயவுசெய்து இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பழக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? போன் ஹேங் ஆகிறது என்று வந்தவர்களிடம் எல்லாம் "பின்னாடி ஓடுற ஆப்பெல்லாம் க்ளோஸ் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிய என் தொழில்காரர்கள்தான்.

"வாட்ஸ்அப் ஒழுங்கா வருதே, அப்ப போன்ல என்ன கோளாறு இருக்க முடியும்" என்று கேட்பவர்களும் நிறையப் பேர். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவற்றுக்குப் பல கம்பெனிகள் தாங்களே விலக்கு கொடுத்து அனுப்புகின்றன, அது வராவிட்டால் போன் விற்காது. உங்கள் சர்க்கரை ஆப்புக்கும் மாத்திரை ஆப்புக்கும் அந்தச் சலுகை கிடையாது. சிந்தாதிரிப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், மேப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சவாரி ஆப் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது, "ஆப்காரன் ஏமாத்துறான் சார்" என்று கோபத்தோடு வந்தார். போன் மாற்றியதிலிருந்துதான் இப்படி என்றார். இரண்டு செட்டிங்ஸ் மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் இழந்த சவாரிகளுக்கு யார் காசு கொடுப்பது?

ஸ்கின் இல்லாத 'ஸ்டாக்' ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 11லிருந்து, சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை போனே திரும்ப எடுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பை மகளின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அப்பாக்களே, அதை யாராவது மாதாமாதம் திறந்து பார்க்கிறீர்களா? லொக்கேஷன் அனுமதி போயிருந்தால் ஆபத்து நேரத்தில் அது என்ன செய்யும்? ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவுக்குப் போய், பயன்படுத்தாவிட்டால் நிறுத்தி வை என்கிற பொத்தானை அணையுங்கள். இப்போதே செய்யுங்கள், படித்து முடித்த பிறகு மறந்துவிடுவீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட ஆப் எதுவானாலும், அதன் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, அதில் பேட்டரி, அங்கே 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்'. ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட், ஓப்போ, ரியல்மியில் ஆட்டோ லாஞ்ச், இரண்டில் எது இருக்கிறதோ அதை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ஆப் இருந்தால் வெளியே எடுத்து, தூங்கவே கூடாத பட்டியலில் போடுங்கள். ரீசென்ட்ஸ் பக்கத்தில் பூட்டு வசதி இருந்தால் ஆப்பைப் பூட்டுங்கள். வெறும் மாத்திரை நேரத்துக்கு என்றால் தனி ஆப்பே வேண்டாம், போனோடு வந்த கடிகாரத்தில் அலாரம் வைத்து அதற்கு மாத்திரையின் பெயரைப் போட்டுவிடுங்கள், தன் சொந்தக் கடிகாரத்தைப் பொதுவாக எந்தக் கம்பெனியும் கொல்வதில்லை. சர்க்கரை சென்சார் வைத்திருப்பவர்கள் போன் வாங்குவதற்கு முன்னால், சென்சார் கம்பெனி சோதித்துப் பார்த்த போன்களின் பட்டியலைப் பாருங்கள். அவர்களே வெளியிடுகிறார்கள். விற்பனைக் கவுன்ட்டரில் நிற்கும் பையனைக் கேட்காதீர்கள், அவனுக்கு அன்றைய டார்கெட்தான் தெரியும்.

சோதிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. போனைக் கையில் வைத்து, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே சோதித்தால் எல்லா ஆப்பும் பிரமாதமாக வேலை செய்யும். சார்ஜரில் போட்டிருந்தாலும் அப்படித்தான். சார்ஜரிலிருந்து எடுத்து, மேஜையில் அசையாமல் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ஆப்பிலேயே ஒரு நினைவூட்டல் அடிக்கிறதா என்று பாருங்கள். சென்சார் ஆப் என்றால் காலையில் எழுந்ததும் ராத்திரி முழுக்க அளவுகள் விடாமல் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள், அளவைக் காட்டும் கோடு நடுவில் அறுந்திருந்தால் போன் ஆப்பைக் கொன்றிருக்கலாம். சில சென்சார்கள் விட்டுப்போன அளவுகளைப் பிறகு நிரப்பிவிடும், அதனால் கோடு அறுபடவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அம்மா அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாளே கிளம்பாதீர்கள். இரண்டு ராத்திரி கூட இருந்து இதைச் செய்துவிட்டுப் போங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மா நேற்று போன் செய்தார். மூன்று ராத்திரியும் கோடு அறுபடவில்லையாம், தள்ளிவிடும் பழக்கத்தையும் விட்டுவிட்டாராம். இப்போது ஏதோ அப்டேட் வந்து நிற்கிறது, போடலாமா தம்பி என்று கேட்டார். போடுங்கள் என்றேன். போட்ட பிறகு சில போன்களில் செட்டிங்ஸ் பழையபடி திரும்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் பேட்டரி, ஆட்டோஸ்டார்ட், பூட்டு மூன்றையும் மறுபடி பார்த்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி ஐயாவின் சர்க்கரையை ஒருமுறை விரலில் குத்தியும் பார்த்துவிட்டுப் படுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.