நண்பனின் லேப்டாப்பும் 48 இலக்கச் சாவியும்

லேப்டாப் சர்வீஸில் பதினைந்து வருடம் ஓட்டிய நான், போன மாதம் நண்பனின் லேப்டாப்பில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"மச்சான், ஃபேன் கத்திக்கிட்டே இருக்குடா, கொஞ்சம் பாரு" என்று கொடுத்துவிட்டுப் போனான். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் பழசாக இருக்கிறதே என்று அதையும் அப்டேட் செய்தேன். திரும்ப ஆன் ஆனபோது கறுப்புத் திரையில் நாலைந்து வரி: எஃப்டிபிஎம் (சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) அமைப்பு மாறியிருக்கிறது, ரீசெட் செய்ய ஒய் (Y), அப்படியே விட என் (N). கைப்பழக்கத்தில் ஒய்யைத் தட்டினேன். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெக்கவரி கீ (மீட்புச் சாவி) இல்லாமல் திறக்காது என்று அதே வரிகளில்தான் எழுதியிருந்தது. படித்தால்தானே! அடுத்து நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டது.

"நான் எந்தப் பூட்டும் போடலையேடா" என்றான். அவன் சொன்னது சரிதான். இப்போது வரும் பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், முதல் நாள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் பிட்லாக்கர் பூட்டு தானாக வேலைக்கு வந்துவிடும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிக மாடல்களில் இப்படி. டிஸ்கின் சாவியை டிபிஎம் (எஃப்டிபிஎம் அதில் ஒரு வகை) வைத்திருக்கும். லேப்டாப் பூட் ஆகும் (தொடங்கும்) விதம் பழையபடியே இருந்தால்தான் அதைத் தரும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) என்பதை அணைத்ததால் மட்டும் நீலத் திரை வந்திருந்தால், திரும்ப ஆன் செய்ததும் பெரும்பாலும் திறந்துவிடும். நான் செய்தது டிபிஎம்மையே துடைக்கிற வேலை. மதர்போர்டு மாற்றினாலும் இதே கதிதான்.

நல்லவேளை, ரெக்கவரி கீயின் ஒரு பிரதி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் யாருடைய கணக்கு? அவனுடைய மெயிலில் ஒன்றும் இல்லை. "வாங்கினப்ப பாப்பாதான் ஏதோ மெயில் போட்டா" என்றான். பாப்பா கல்லூரி ஹாஸ்டலில். அவள் கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்று கீ இருந்தன. நீலத் திரையில் தெரிந்த கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை வைத்து எது என்று கண்டுபிடித்தாள். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. போனில் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் எண் என்பதால், இலக்கம் ஒன்று பிசகினால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இரண்டு முறை காட்டிக்கொடுத்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு பாப்பா இருப்பதில்லை. கடை ஊழியரே ஏதோ ஒரு மெயிலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்த லேப்டாப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த மெயில் எது என்று யாருக்கும் நினைவில்லை. கீ கிடைக்காவிட்டால் ஃபார்மட் மட்டும்தான் வழி. படங்கள் போனது போனதுதான். பிட்லாக்கரை உடைத்துத் தருகிறேன் என்று விற்கும் மென்பொருளுக்குத் தயவுசெய்து காசு கட்டாதீர்கள்.

இப்போதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால், உரிமையாளரை அங்கேயே உட்கார வைத்து, அவர் போனில் கணக்கைத் திறந்து கீயைத் தாளில் எழுதச் சொல்கிறேன். பயாஸ் அப்டேட் என்றால் அதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி (சஸ்பெண்ட்) வைத்துவிடுகிறேன். "ஃபேன் மாத்தத்தானே சார் வந்தேன்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.