தூர்க்கழலை: சொல் விளக்கம்

நாகர்கோவில் பக்கம் தென்னையையும் வாழையையும் 'பத்து மூடு, இருபது மூடு' என்றுதான் எண்ணுவார்கள். மரம் மண்ணோடு சேரும் அடிப்பகுதிதான் மூடு, பொதுத்தமிழில் தூர். ரோஜாச் செடியின் தூரில் சில சமயம் சுண்டைக்காய் அளவில் ஒரு வீக்கம் தோன்றும். முதலில் வெளிறி மெத்தென்று இருக்கும். நாளாக ஆகப் பருத்து, கறுத்து, சொரசொரவென்று கட்டைபோல இறுகிவிடும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'கிரவுன் கால்' (crown gall).

இங்கே கிரவுன் என்றால் கிரீடம் அல்ல. தண்டும் வேரும் சந்திக்கும் இடம், அதாவது நம் மூடு. 'கால்' என்பது 'கல்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பித்தநீரைக் குறிக்கும் 'கால்' வேறு சொல். ஓக் மரத்தில் திரளும் உருண்டைதான் கல்லா. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மாசிக்காய் அந்த வகைதான். பெயரில் காய் இருந்தாலும் அது காய் அல்ல. சிறு குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வளர்த்த வீக்கம்.

ரோஜாவில் குளவிக்குப் பதில் பாக்டீரியா. இதை 1907-இல் அமெரிக்கத் தாவர நோய் ஆய்வாளர்கள் எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் காட்டினார்கள். இன்று அதன் பெயர் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ். 'அக்ரோஸ்' கிரேக்கத்தில் வயல். பின்பாதிக்கு 'வீக்கம் உண்டாக்குவது' என்று பொருள்.

அது செய்யும் வேலைதான் வியப்பு. மண்வெட்டியோ ஒட்டுக்கட்டும் கத்தியோ பட்ட காயத்தில் கசியும் ஃபீனால் பொருள்களை உணர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. தன்னிடமுள்ள வட்ட டி.என்.ஏ.விலிருந்து (டி.ஐ. பிளாஸ்மிட்) ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்புகிறது. அந்தத் துண்டு செடியின் குரோமோசோமிலேயே பதிந்துவிடுகிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டு செடியின் செல்லுக்குள் இருப்பதை 1977-இல் அமெரிக்க அறிவியலாளர் மேரி-டெல் சில்டன் குழுவினர் உறுதி செய்தார்கள். துண்டில் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய வளர்ச்சி ஹார்மோன்களைச் செய்யும் மரபணுக்கள் உண்டு. செல்கள் கட்டில்லாமல் பெருகுகின்றன. பாக்டீரியாவுக்கு உணவாகும் ஓபைனையும் செடியே சமைத்துத் தருகிறது. அப்புறம் பாக்டீரியா செத்தாலும் வீக்கம் நிற்காது. மரபணு மாற்றப் பயிர்கள் பலவற்றை உருவாக்க அறிவியலாளர்கள் பயன்படுத்துவதும் இதே வழியைத்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கட்டி' என்றால் சீழ் நினைவுக்கு வரும். 'புற்று' என்றால் உடம்பெங்கும் பரவுவதாகத் தோன்றும். 'வேர்முடிச்சு' ஏற்கெனவே நூற்புழுவுக்கும் பயறு வகைகளுக்கும் போய்விட்டது. சதை மிகுந்து திரள்வதைச் சொல்லும் 'கழலை' நம் வைத்தியத்தில் புழங்கும் பழைய சொல், அதுவே பொருந்தும். நம் பேச்சுப்படி 'மூட்டுக்கழலை' என்றால் வெளியூர்க்காரர்கள் முழங்காலைப் பார்ப்பார்கள். ஆகவே தூர்க்கழலை.

தென்னைக்கும் வாழைக்கும் இயல்பில் இது வருவதில்லை. அவை ஒருவித்திலைத் தாவரங்கள். நர்சரியில் ரோஜா வாங்கும்போது மட்டும் மூட்டு மண்ணை விலக்கி, ஒட்டுக்கட்டிய இடத்தையும் தடவிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்தச் செடி வேண்டாம். வீட்டுச் செடியில் வந்துவிட்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள். கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால், அந்தக் குழியில் அடுத்த ரோஜாவை வைக்காதீர்கள்.