பூக்கட்டிப் பார்க்கிற மாதிரியா, டாக்டர்?

"அப்போ கோயில்ல பூக்கட்டிப் பார்க்கிற மாதிரியா டாக்டர்?"

66 வயது விவசாயி ஒருவர் இப்படிக் கேட்டதும், பக்கத்தில் மொபைலைத் தடவிக்கொண்டிருந்த அவர் மகன் சட்டென்று நிமிர்ந்தார். நான் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவன், அதற்கான மருந்து ஆய்வுகளையும் நடத்துகிறேன். 'ட்ரையல்' என்றால் என்ன என்று விளக்க இத்தனை வருடமாக எனக்குக் கிடைக்காத உவமையை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். ஆய்வில் சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு புது மருந்து. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் ஒதுக்கும், நான் இல்லை. ஒப்புதல் படிவத்தில் இதையே 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்துப் புரிந்துகொண்ட நோயாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

"ஆமாங்கய்யா, கிட்டத்தட்ட அதேதான்" என்றேன். ஒரே ஒரு வித்தியாசம். கோயிலில் பூக்கட்டும்போது பதில் சாமிக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறோம். இங்கே எந்தப் பொட்டலம் நல்லது என்று யாருக்குமே தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொண்டே பூக்கட்டினால் அதுதான் அயோக்கியத்தனம்.

"பெரிய டாக்டர் நீங்க, நீங்களே பார்த்துக் கொடுக்கலாமே?" என்றார் மகன். நியாயமான கேள்வி. நானே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தையும், துவண்டு கிடப்பவருக்குப் பழையதையும் என் கை தானாகவே எழுதிவிடும். அப்புறம் புது மருந்து ஜெயித்ததாகத் தெரியும். உண்மையில் ஜெயித்தது அவர்களுடைய உடம்புத் தெம்பாக இருக்கும்.

இது வெறும் பயம் இல்லை, நடந்திருக்கிறது. வேகமாக வளரும் லிம்போமாவுக்கு 'சாப்' என்ற நான்கு மருந்துக் கூட்டு 1970களிலிருந்து இருக்கிறது. அதில் ஒரு மருந்து வின்கிரிஸ்டின். நம் ஊரில் வேலியோரம் பூக்கிற, சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருவது. 1980களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த நான்கோடு இன்னும் மருந்துகளைச் சேர்த்து, மாற்றி, புதுப்புதுக் கூட்டுகள் வந்தன. சின்னச் சின்ன ஆய்வுகளில் எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தன. கடைசியில் 899 நோயாளிகளை இதே பூக்கட்டுகிற முறையில் பிரித்து, சாப்போடு மூன்று புதுக் கூட்டுகளை மோதவிட்டார்கள். 1993இல் முடிவு வந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் சாப்பில் 54 சதவீதம், மற்ற மூன்றில் 50 முதல் 52 சதவீதம். மருந்தின் விஷத்தாலேயே இறந்தவர்கள் சாப்பில் 1 சதவீதம், புதியவற்றில் 3 முதல் 6 சதவீதம். பூக்கட்டாமல் விட்டிருந்தால் அந்தக் கடுமையான கூட்டுகளையே எல்லோருக்கும் ஏற்றிக்கொண்டிருந்திருப்போம்.

அதே சாப்போடு ரிட்டுக்சிமாப் ஊசியைச் சேர்த்து 60 முதல் 80 வயதுக்குள் இருந்த 399 பேரிடம் பார்த்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 57 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். இன்று இந்த நோய்க்குச் சர்வசாதாரணமாக எழுதப்படுகிற ஊசி அது. அன்று வெறும் சாப் மட்டும் ஒதுக்கப்பட்டவர்களும் இல்லாமல் அந்த 13 சதவீத வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"சர்க்கரைத் தண்ணிய ஏத்தி ஏமாத்த மாட்டீங்களே?" என்பது பெரியவரின் அடுத்த கேள்வி. சில ஆய்வுகளில் டம்மி மருந்து உண்டு, அதை நான் மறைப்பதில்லை. ஆனால் நல்ல சிகிச்சை கையில் இருக்கிற லிம்போமாவில், அதை நிறுத்திவிட்டு டம்மியை மட்டும் கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. வழக்கமான சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும், டம்மி அதற்கு மேல்தான். எல்லா ஆய்விலும் பூக்கட்டுவதும் இல்லை. நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது கார்-டி செல் சிகிச்சை. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. அது, மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்கானது. ஆய்வில் சேர்ந்த 64 பேருக்கும் அதே சிகிச்சைதான்.

படிவத்தை உடனே கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவசரப்படுத்துகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள், பதியாத ஆய்வு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்காது.

இதையெல்லாம் பேசுகிற நிலைக்கு அவர் வந்ததே தாமதமாகத்தான். கழுத்தில் நெறி கட்டி, சாயங்காலக் காய்ச்சலும் ராத்திரி வேர்வையுமாக இருந்தவருக்கு நான்கு மாதம் காசநோய் மாத்திரை ஓடியிருந்தது. நம் ஊரில் காசநோய் அதிகம், அதனால் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. கட்டியைச் சோதிக்காமலே மாத்திரையை ஆரம்பித்ததுதான் தப்பு. லிம்போமாவுக்கு மெல்லிய ஊசியில் உறிஞ்சிப் பார்ப்பதும் பல நேரம் போதாது, முடிச்சையே எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும். நல்லவேளை, யாரும் நடுவில் ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. கொடுத்தால் கட்டி கரைந்து சோதனையே குழம்பிப்போகும், ஆய்வில் சேர்கிற வாய்ப்பும் போகலாம்.

பத்து நாளில் திரும்பி வந்தார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பேத்தி கையெழுத்தில் ஏழு கேள்விகள். முதல் கேள்வி, பஸ் செலவை யார் தருவார்கள் என்பது. ஏழுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் பேனாவைக் கேட்டார்.

அவருக்கு விழுந்தது பழைய சிகிச்சைப் பொட்டலம். முகம் கொஞ்சம் வாடியது உண்மை. 21 நாளுக்கு ஒரு முறை வந்து ஆறு கீமோவும் முடித்தார், கடைசி பெட் ஸ்கேனில் நோய் தெரியவில்லை. புது மருந்து கிடைத்தவர்களில் சிலரும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவருக்கு நோய் திரும்பிவிட்டது. போன வாரம் செக்கப்புக்கு வந்தபோது, "எது நல்ல பூன்னு தெரிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்கய்யா" என்றேன்.