113 மெகாபைட்டில் நிற்கும் 10 கிகாபிட்

வீட்டு சர்வருக்கு 10 கிகாபிட் கார்டு, சுவிட்ச், கேபிள் எல்லாம் வாங்கிப் பொருத்தியாயிற்று. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. 40 ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்தால் நொடிக்கு 113 மெகாபைட். பழைய கார்டில் வந்த அதே வேகம். உடனே சந்தேகம் கேபிள் மேல் போகும். அடுத்து, இணையத்தில் கிடைக்கும் லினக்ஸ் 'டியூனிங்' வரிகளை அள்ளிப் போடத் தோன்றும். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வந்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சர்வரின் டிஸ்க்கிலிருந்து உங்கள் கணினியின் டிஸ்க் வரைக்கும் உள்ள பாதையில் ஏதோ ஓர் இடம் குறுகலாக இருக்கிறது. அது எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

அதற்கு முழு வேகம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 10 கிகாபிட்டை 8 ஆல் வகுத்தால் நொடிக்கு 1250 மெகாபைட். ஆனால் அவ்வளவும் நம் ஃபைல் அல்ல. வழக்கமான பாக்கெட் 1500 பைட். அதில் ஐபி, டிசிபி என்ற அனுப்பும் நெறிமுறைகளின் தலைப்புகள் 52 பைட்டை எடுத்துக்கொள்ள, தரவுக்கு மிஞ்சுவது 1448. கம்பியில் போகும்போது ஈதர்நெட் தலைப்பு 14, பிழைச் சரிபார்ப்பு 4, முன்னறிவிப்பு 8, பாக்கெட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளி 12 என இன்னும் 38 பைட் சேர்ந்து, ஒவ்வொரு பாக்கெட்டும் 1538 பைட் இடத்தை அடைக்கிறது. 1448ஐ 1538 ஆல் வகுத்தால் 94.1 சதவீதம். ஆகவே குறையே இல்லாத 10 கிகாபிட் இணைப்பு காட்ட வேண்டியது 9.41 கிகாபிட், அதாவது ஏறத்தாழ 1177 மெகாபைட். 9.41 வருகிறதே, 10 வரவில்லையே என்று தேட ஆரம்பித்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதே விகிதப்படி 1 கிகாபிட் இணைப்பு தருவது 117 மெகாபைட். ஃபைல் பகிர்வுக்கான செலவு போக 110 முதல் 115. 2.5 கிகாபிட் என்றால் 290 சொச்சம். 100 மெகாபிட் என்றால் 11. ஆக, 113 என்ற எண்ணுக்குப் பெரும்பாலும் பொருள் ஒன்றுதான்: பாதையில் எங்கோ ஒரு துண்டு இன்னும் 1 கிகாபிட்டில் ஓடுகிறது.

அந்தத் துண்டு பெரும்பாலும் கேபிள் அல்ல. சர்வரின் மதர்போர்டில் பழைய 1 கிகாபிட் போர்ட் இருக்கும். அதையும் கழற்றாமல், புது 10 கிகாபிட் போர்ட்டையும் அதே சுவிட்சில் செருகி, இரண்டுக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியே கொடுத்திருப்பார்கள். ஒரே வலைக்குப் போக இரண்டு வாசல் இருந்தால் லினக்ஸ் எதன் வழியாகவும் பதில் அனுப்பும். சர்வரின் எந்த முகவரியைக் கேட்டாலும் அதன் எந்தக் கார்டும் 'நான்தான்' என்று சொல்லிவிடும். பழைய வயரைப் பிடுங்கிவிட்டு அளந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் தேவை என்றால் 10 கிகாபிட் பக்கத்துக்கு வேறு சப்நெட், அதாவது வேறு தொடக்கமுள்ள முகவரி, கொடுத்து, அந்த முகவரியை வைத்தே சர்வரை அணுக வேண்டும்.

இன்னொரு காரணம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வேகம் இல்லாமல் போவது. தாமிரக் கம்பியில் 10 கிகாபிட்டுக்கான தரம் 2006இல் வந்தது, 2.5, 5 கிகாபிட் தரம் 2016இல்தான் வந்தது. இன்டெல் எக்ஸ்540 போன்ற முந்தைய கார்டுகளுக்கு 10 தெரியும், 1 தெரியும், நடுவில் உள்ளவை தெரியாது. அதை 2.5 கிகாபிட் சுவிட்சில் செருகினால் இரண்டும் பேசி முடித்து 1 கிகாபிட்டில் வந்து நிற்கும். இரண்டும் நல்ல பொருள்கள்தான், பொருத்தம்தான் இல்லை. மூன்றாவது, சர்வர் ஒரு விலேனிலும் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை) கணினி இன்னொரு விலேனிலும் இருப்பது. அப்போது ஒவ்வொரு பைட்டும் ரவுட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ரவுட்டரின் போர்ட் 1 கிகாபிட் என்றால் சுவிட்ச் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

11 மெகாபைட் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் கேபிள்தான். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கிரிம்ப் செய்த முனையில் ஒரு கம்பி தொடாவிட்டால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லினக்ஸில் எத்டூல் கட்டளையோடு போர்ட்டின் பெயரைக் கொடுத்தால் ஒப்புக்கொண்ட வேகம் தெரியும். சுவிட்ச் பக்கமும் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு அளப்பது

மேலே சொன்னவற்றில் சேராத எண் வந்தால், வலையையும் டிஸ்க்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐபெர்ஃப்3 இதற்கான கருவி. அது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு மட்டும் தரவை அனுப்புவதால் டிஸ்க்கின் குறுக்கீடு கிடையாது. சர்வரில் அதைக் காத்திருக்கும் நிலையில் ஓடவிட்டு, கணினியிலிருந்து 30 நொடி அளக்கவும். பிறகு திசையை மாற்றும் தெரிவைச் சேர்த்து மறுபடி அளக்கவும். இந்த இரண்டாம் அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், துப்பு கிடைப்பதோ அதில்தான். மூன்றாவதாக, நான்கு இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு அளக்கவும். ஒரு எச்சரிக்கை: 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்புக்கு முன்னால், எத்தனை இணைப்பு கேட்டாலும் ஐபெர்ஃப்3 செயலியின் ஒரே கோரில்தான் ஓடும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு செய்யும் நான்கு இணைப்புச் சோதனை எதையும் நிரூபிக்காது.

இரண்டு திசையிலும் அசையாமல் 3.2, 3.3 கிகாபிட் என்று நின்றால், கார்டு உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டைப் பாருங்கள். பிசிஐஇ என்பது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை, அது 'லேன்' என்ற தடங்களாகப் பிரிந்திருக்கும். பிசிஐஇ 2.0இல் ஒரு லேன் நொடிக்கு 500 மெகாபைட், அதாவது 4 கிகாபிட். அதிலும் அதன் சொந்தத் தலைப்புகள் போக மிஞ்சுவது இவ்வளவுதான். இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கும் இன்டெல் எக்ஸ்520, 8 லேன் கொண்ட பிசிஐஇ 2.0 கார்டு. நீளமான ஸ்லாட்டில் செருகியிருக்கிறோமே என்று நம்பக் கூடாது. பார்க்க 16 லேன் போலிருக்கும் ஸ்லாட்டுக்கு உள்ளே ஒரு லேனோ நான்கு லேனோதான் கம்பி இழுத்திருப்பார்கள். ஸ்லாட் 3.0 என்பதாலும் பயனில்லை: கார்டு 2.0 என்றால் இணைப்பும் 2.0தான். 3.0இல் ஒரு லேன் கொடுக்கும் கிட்டத்தட்ட 8 கிகாபிட் இந்தக் கார்டுக்குக் கிடைக்காது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியைச் செருகியதும் பக்கத்து ஸ்லாட்டின் லேன்கள் குறைந்துவிடும்; 'நேற்றுவரை நன்றாக ஓடியது' என்ற புகார்களில் சில இங்கேதான் முடிகின்றன.

எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட் உரிமையோடு விரிவான வெளியீட்டில் ஓடவிட்டால் லிங்க்கேப், லிங்க்ஸ்டா என்று இரண்டு வரிகள் வரும். முதலாவது கார்டால் முடிந்தது, இரண்டாவது இப்போது கிடைப்பது. முதலாவதில் 8 என்றும் இரண்டாவதில் 1 என்றும் இருந்தால் வழக்கு முடிந்தது. எக்ஸ்520க்கு பிசிஐஇ 2.0இல் நான்கு லேன் கிடைத்தாலே ஒரு போர்ட்டுக்குப் போதும்.

ஒரு திசையில் முழு வேகம், மறுதிசையில் அதில் பாதிகூட இல்லை என்றால் ஸ்லாட்டை விட்டுவிடலாம். ஐபெர்ஃப்3 காட்டும் அட்டவணையில் மறுஅனுப்பல் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி உண்டு. அது சுழியத்தில் இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஏறினால் பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன. சர்வர் 10 கிகாபிட், கணினி 2.5 கிகாபிட் என்ற அமைப்பில் இது அடிக்கடி வரும். காரணம் சுவையானது. பெரும்பாலான கார்டுகளில் பாக்கெட் பிரிக்கும் வேலையைச் செயலி செய்வதில்லை. 64 கிலோபைட் கட்டியாகக் கார்டிடம் கொடுத்துவிடும். கார்டு அதை 45 பாக்கெட்டுகளாக வெட்டி, மூச்சுவிடாமல் 10 கிகாபிட்டில் தள்ளும். சுவிட்ச்சின் அந்தப் பக்கம் கால் பங்கு வேகத்தில்தான் வடியும். மிச்சத்தை சுவிட்ச் தன் இடைநினைவகத்தில் தேக்கி வைக்க வேண்டும். மலிவான சுவிட்ச்சில் அந்தத் தொட்டி சிறியது. நிரம்பினால் வழியும், வழிந்தால் டிசிபி பயந்து வேகத்தைக் குறைக்கும். சர்வருக்கு எழுதும்போது வேகம் சரியாகவும், சர்வரிலிருந்து படிக்கும்போது மெதுவாகவும் தெரிவது இதனால்தான். சுவிட்ச் போர்ட்டுகளிலும் கார்டுகளிலும் ஃப்ளோ கன்ட்ரோலை ('கொஞ்சம் நில்' என்று அனுப்பும் பக்கத்தை நிறுத்தும் வசதி) இயக்கிப் பாருங்கள். அல்லது சர்வரில் நெரிசல் கட்டுப்பாட்டை, அதாவது டிசிபி தன் வேகத்தைத் தீர்மானிக்கும் முறையை, பிபிஆருக்கு மாற்றுங்கள். பிபிஆர் பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் அனுப்புவதால் தொட்டி நிரம்புவது குறையும்.

ஒரு இணைப்பில் 5 கிகாபிட், நான்கு இணைப்பில் 9.4 என்றால் குறுகல் செயலியில். 10 கிகாபிட் என்பது நொடிக்கு 8,12,000 பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் 1.2 மைக்ரோநொடிதான் அவகாசம். ஒரு இணைப்பின் பாக்கெட்டுகளை ஒரே கோர்தான் கையாளும், மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும். செயலியின் சுமையைக் காட்டும் எச்டாப்பில் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்பதைப் பார்க்கலாம். பாக்கெட்டுகளை வெட்டும், சேர்க்கும் சுமையைக் குறைக்கும் டிஎஸ்ஓ, ஜிஆர்ஓ என்ற ஆஃப்லோடுகள் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மெய்நிகர் கணினிகளில் இவற்றை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. மெய்நிகர் கணினிக்கு இ1000 போன்ற போலிக் கார்டு கொடுத்திருந்தால், மெய்நிகர் கணினிக்கென்றே செய்த விர்ட்டியோவுக்கு மாற்ற வேண்டும்.

ஜம்போ ஃபிரேம் என்பது பாக்கெட்டை 9000 பைட்டாக்குவது. எண்ணிக்கை நொடிக்கு 1,38,000 ஆகக் குறையும், அளவும் 9.9 கிகாபிட்டுக்கு ஏறும். நல்லதுதான், ஆனால் அதைக் கடைசியில் தொடுவதே புத்திசாலித்தனம். இரண்டு கணினி, இடையிலுள்ள எல்லா சுவிட்ச் என ஒன்றுகூட விடுபடாமல் ஒத்துப்போக வேண்டும். ஒன்று விடுபட்டால் பிங் போகும், லாகின் ஆகும், ஃபைல் காப்பி மட்டும் அப்படியே உறைந்துவிடும், ஏனென்றால் சிறு பாக்கெட்டுகள் நுழையும், பெரியவை நுழையா. துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்பினால் தெரியும். 9000இல் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 கழித்தது அது.

வலை சரி, காப்பி மட்டும் மெதுவு

ஐபெர்ஃப்3 9.4 காட்டிய பிறகும் காப்பி 200இல் நின்றால், அது ஒற்றை ஹார்ட் டிஸ்க்கின் எண். 7200 சுழற்சி டிஸ்க்கின் வெளிவட்டம் 200க்கு மேல் தரும், உள்வட்டம் அதில் பாதி. 550இல் நின்றால் சாட்டா எஸ்எஸ்டி. முதல் சில நொடி 1100 வந்து பிறகு பொத்தென்று விழுந்தால் அந்த முதல் வேகம் நினைவகத்தின் வேகம்: லினக்ஸ் இயல்பாகத் தன் நினைவகத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் வரை எழுத்தைத் தேக்கி வைக்கும், 32 ஜிபி சர்வரில் அது 6 ஜிபி. ஆகவே சோதனை ஃபைல் சர்வரின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வெறும் சுழியங்களால் ஆன ஃபைலும் வேண்டாம்; இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் சுருக்கம் இயங்கினால் டிஸ்க்குக்கு எதுவுமே போகாமல் பிரமாதமான எண் வரும். கியூஎல்சி என்ற மலிவு வகை எஸ்எஸ்டியின் வேகப் பகுதி நிரம்பிய பின் அது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போவதும் உண்டு. எஸ்சிபி என்ற பாதுகாப்பான காப்பிக் கட்டளையில் காப்பி செய்தால் மறையாக்கம் ஒரே கோரில் நடக்கிறது என்பதையும், விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு) கையொப்பம் இயல்பாகவே கட்டாயம் என்பதையும் கணக்கில் வைக்கவும். சக்தி குறைந்த செயலிக்கு இரண்டுமே சுமை. ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்களை நகர்த்தும்போது எந்தக் கார்டும் உதவாது, நேரம் போவது ஃபைலைத் திறந்து மூடுவதில்.

இப்போது கேபிள். 10 கிகாபிட் தாமிரத்தில் கேட்6 55 மீட்டர், கேட்6ஏ 100 மீட்டர். சில மீட்டருக்குக் கேட்5இ கூடப் பல வீடுகளில் ஓடுகிறது. 10 கிகாபிட் சிக்னலுக்குள்ளேயே வலுவான பிழைதிருத்தம் இருப்பதால் மோசமான கேபிள் 'கொஞ்சம் மெதுவாக' ஓடுவது அரிது. ஒன்று நன்றாக ஓடும், அல்லது இணைப்பு அறுந்து அறுந்து சேரும், அல்லது கீழ் வேகத்துக்கு இறங்கும். இப்படி அறுந்தாலோ இறங்கினாலோ, எத்டூலின் புள்ளிவிவரங்களில் சிஆர்சி (பிழைச் சரிபார்ப்பு) பிழைகள் ஏறினாலோ மட்டும் கேபிளை மாற்றுங்கள். கேட்6 என்று மலிவாக விற்கும், தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியை வாங்கவே வேண்டாம்.

காலையில் சரி, மதியம் மெதுவு என்றால் சூடு. சர்வர் கார்டுகள் பலமான காற்றோட்டமுள்ள ரேக் பெட்டிக்காக வடிவமைக்கப்பட்டவை, மேசைக் கணினிப் பெட்டியின் அசையாத காற்றுக்காக அல்ல. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அதன் ஹீட்சிங்க்கைத் தொட முடியாது. 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அதன் மேல் கட்டினால் போதும். மாட்யூலை மாற்றிப் பொருத்தும் எஸ்எஃப்பி பிளஸ் துளையில் செருகும் தாமிர மாட்யூல்களும் நன்றாகச் சுடும், பெரும்பாலானவை 30 மீட்டருக்கு மேல் உறுதி தருவதில்லை. ஒரே அறைக்குள் என்றால் இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் டிஏசி கேபிள் மலிவு, சூடும் இல்லை.

முதலில் தள்ளி வைத்த அந்த டியூனிங் வரிகள்? அவை டிசிபி இடைநினைவகத்தைப் பெரிதாக்குபவை. வழியில் எவ்வளவு தரவு மிதக்கிறதோ அவ்வளவு இடைநினைவகம் வேண்டும். வீட்டுக்குள் போய்வர 0.2 மில்லிநொடி, 10 கிகாபிட்டோடு பெருக்கினால் 250 கிலோபைட். லினக்ஸ் தானாகவே சில மெகாபைட் வரை விரிக்கும். அந்த வரிகள் 150 மில்லிநொடி தாமதமுள்ள கடல் கடந்த இணைப்புகளுக்கானவை. அங்கே 180 மெகாபைட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால், லினக்ஸின் அமைப்புகளை வைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, சர்வரை மறுதொடக்கம் செய்து, மறுபடி அளக்கவும்.